உள்நாட்டுப் போரும் இனப்படுகொலையும் – ஓர் ஆய்வு

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவர்)

முன்னுரை

சென்ற பருவத்தில் நம் வரலாற்றுத் துறை வகுப்பறையில் ஒரு விவாதம் எழுந்தது. 2009-ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் நிகழ்ந்தது இனப்படுகொலையே என்று நண்பர் ஒருவர் அடித்துக் கூறினார். "அது உள்நாட்டுப் போர், போர் என்றால் பொதுமக்களும் மடியத்தான் செய்வர்" என்று மற்றொருவர் மறுத்தார். குரல்கள் உயர்ந்தனவே தவிர, தெளிவு பிறக்கவில்லை. இருவரையும் அமர்த்திய பேராசிரியர், "இனப்படுகொலை என்பதன் இலக்கணம் என்ன?" என்று ஒரே ஒரு வினாவை எழுப்பினார். வகுப்பு முழுவதும் வாயடைத்து நின்றது. நானும் அவ்வாறே நின்றேன் என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

போடிநாயக்கனூரில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி வாழ்கிறார். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 ஆகஸ்டு மாதக் கலவரத்தில் குடியிருந்த லயத்தை இழந்து, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர். பின்னர் போடிமெட்டுக்கு அப்பால் ஏலத் தோட்டங்களில் காயெடுத்தே பிள்ளைகளை ஆளாக்கினார். எங்கள் வகுப்பு விவாதத்தை அவரிடம் கூறினேன். "ஏய்யா, பேரு என்னவா இருந்தா என்ன? போன உசுரு திரும்பியா வரப்போகுது?" என்று கேட்டார். பேராசிரியரின் வினாவை விட இவ்வினா கடினமானது. இரண்டுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் பிறந்த வரலாறு

மனித இனம் கூட்டுக் கொலைகளை நெடுங்காலமாகவே அறியும். ஆனால் அவற்றுள் ஒரு வகைக்குத் தனிப்பெயர் 1944-இல்தான் கிடைத்தது. போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ரபேல் லெம்கின், இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் இணைத்து 'ஜெனோசைடு' என்னும் சொல்லைப் படைத்தார். ஆர்மீனியர்கள் 1915 முதல் அழிக்கப்பட்ட செய்தி அவரை இளமையிலேயே உலுக்கியது. பின்னர் நாஜிகளால் தம் குடும்பத்தினர் பலரையும் அவர் இழந்தார். அவருடைய இடையறாத முயற்சியின் பயனாக, ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பர் 9-ஆம் நாள் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது 1951-இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1950-இலும், இந்தியா 1959-இலும் அதில் இணைந்தன.

இவ்வுடன்படிக்கையின் இரண்டாம் விதியே நாம் தேடும் இலக்கணம். ஒரு தேசிய, இன, மரபின அல்லது சமயக் குழுவை, அக்குழு என்பதற்காகவே, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் உள்நோக்கத்துடன் செய்யப்படும் ஐந்து செயல்களை அது குறிப்பிடுகிறது. அவையாவன:

1. குழுவின் உறுப்பினர்களைக் கொல்லுதல்.
2. அவர்களுக்குக் கடுமையான உடல் தீங்கோ மனத் தீங்கோ விளைவித்தல்.
3. குழுவின் உடலழிவைக் கொண்டுவரத்தக்க வாழ்நிலைமைகளை வேண்டுமென்றே அதன்மீது சுமத்துதல்.
4. குழுவுக்குள் பிறப்புகளைத் தடுத்தல்.
5. குழுவின் குழந்தைகளை வலுக்கட்டாயமாக வேறு குழுவுக்கு மாற்றுதல்.

ஈண்டு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, எத்தனை பேர் இறந்தனர் என்ற எண்ணிக்கையை விதி கேட்கவில்லை, உள்நோக்கத்தையே கேட்கிறது. இரண்டாவது, அரசியல் குழுக்கள் இப்பட்டியலில் இல்லை. சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட சில நாடுகளின் எதிர்ப்பால் அவை விடுபட்டன. மூன்றாவது, லெம்கின் விரும்பிய பண்பாட்டு அழிப்பும் விடுபட்டது. எனவே 1981-இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது எத்துணைக் கொடுமையாயினும், அது மட்டும் தனியே நின்று இவ்விதியின்கீழ் இனப்படுகொலை ஆகாது. ஆனால் அழிக்கும் நோக்கத்துக்கு ஒரு சான்றாக அதை நீதிமன்றத்தில் வைக்கலாம். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகையதே. அது அநீதி, ஆயினும் ஐந்து செயல்களுள் ஒன்றன்று.

நம் கண்முன் நிகழ்ந்த ஒன்றையும் எண்ணிப் பார்ப்போம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சிக்கல் முற்றியபோது, இடுக்கி மலைத் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அச்சத்தால் மலையிறங்கி நம் பக்கம் வந்தன. இப்பக்கத்தில் மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பட்டன. அது இனப்பகை, வெட்கத்திற்குரிய வன்முறை. ஆனால் ஒரு குழுவை அழித்தொழிக்கும் நோக்கம் அதில் இல்லை. எல்லா வன்முறைக்கும் ஒரே பெயரிட்டால் அப்பெயர் தன் வலிமையை இழந்துவிடும்.

போர் என்பது விடையாகுமா?

"அது உள்நாட்டுப் போர்" என்ற நண்பரின் வாதத்தை இனி ஆராய்வோம். உடன்படிக்கையின் முதல் விதியே, அமைதிக் காலத்தில் செய்யினும் போர்க் காலத்தில் செய்யினும் இனப்படுகொலை குற்றமே என்கிறது. ஆகவே போர் நடந்தது என்பது மறுப்பாகாது. அதேபோல், போரில் பொதுமக்கள் பெருந்தொகையாக இறந்தனர் என்பது மட்டுமே நிறுவலும் ஆகாது.

போரில் பொதுமக்களைக் காக்கும் சட்டம் வேறு உண்டு. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிலும் பொதுவாக அமைந்த மூன்றாம் விதி உள்நாட்டுப் போருக்கென்றே எழுதப்பட்டது. ஆயுதம் ஏந்தாதவரைக் கொல்வதை அது விலக்குகிறது. மருத்துவமனை என அறிந்தே அதன்மீது குண்டு வீசினால் அது போர்க்குற்றம். பொதுமக்கள்மீது பரவலாகவோ திட்டமிட்டோ தொடுக்கும் தாக்குதலின் பகுதியாகக் கொலை நடந்தால் அது மானிடத்துக்கு எதிரான குற்றம். ஒரு குழுவை அழிக்கும் நோக்கமும் சேர்ந்தால் அது இனப்படுகொலை.

இவை பெரியது, சிறியது என்ற படிகள் அல்ல. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை லட்சக்கணக்கானோர் மாண்டனர். 2018-இல் அங்குள்ள சிறப்பு நீதிமன்றம் வியட்நாமியர், சாம் முஸ்லிம்கள் ஆகியோர் தொடர்பாகவே இனப்படுகொலைத் தீர்ப்பு வழங்கியது. பெருந்தொகையினரான கெமர் மக்களின் சாவு மானிடத்துக்கு எதிரான குற்றம் எனப்பட்டது. அதனால் கெமர் மக்களின் துயர் குறைந்ததென்று யார் கூறுவர்?

உலக வழக்குகள் காட்டும் பாதை

ருவாண்டாவில் 1990 முதல் உள்நாட்டுப் போர் நடந்தது. அதன் நடுவே, 1994-இல் சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் துட்சிகள். 1998-இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் அக்காயேசு என்னும் நகரத் தலைவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்றது. பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று வழங்கிய முதல் இனப்படுகொலைத் தீர்ப்பு அதுவே.

பொசுனியப் போரில், 1992 முதல் 1995 வரை, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். 2007-இல் தீர்ப்பளித்த ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம், 1995 ஜூலையில் சிரெப்ரெனிக்காவில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டதை இனப்படுகொலை என்றது. பிற இடங்களில் கொலைகள் நடந்தமையை ஏற்றும், அழிக்கும் நோக்கம் ஐயமற நிறுவப்படவில்லை என்றது. ஒரே போருக்குள்ளும் விடை இடத்துக்கு இடம் மாறியது காண்க. செயல்களிலிருந்து நோக்கத்தை ஊகிக்கலாம். ஆனால் அது ஒன்றே நியாயமான ஊகமாக இருத்தல் வேண்டும் என்பது அந்நீதிமன்றத்தின் அளவுகோல்.

குவாத்தமாலாவின் எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருக்கமானது. "கெரில்லாக்களையே ஒடுக்கினோம்" என்பது அந்நாட்டு இராணுவத்தின் வாதம். ஆனால் 1999-இல் அறிக்கை அளித்த உண்மை அறியும் ஆணையம், மாயா மக்களையே உள்நாட்டு எதிரியாகக் கருதி இராணுவம் கிராமங்களை அழித்ததால், 1981 முதல் 1983 வரை நான்கு வட்டாரங்களில் இனப்படுகொலைச் செயல்கள் நிகழ்ந்தன என்று முடிவு செய்தது. கெரில்லாவைத் தேடுவது வேறு. கெரில்லா தோன்றிய மக்களையே பகைவராக்கி அழிப்பது வேறு. இவ்வேறுபாடே வழக்கின் உயிர்நாடி.

ஈழத்தின் நிலை

1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் தாக்க வந்த கூட்டங்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின. வெலிக்கடைச் சிறையில் இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இவர்கள் போர்க்களத்தில் நின்றவர் அல்லர். தமிழர் என்பதற்காகவே தாக்கப்பட்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2009-ஐப் பற்றி ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த மூவர் குழு 2011-இல் அறிக்கை தந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும், அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களும் மருத்துவமனைகளும் எறிகணை வீச்சுக்கு உள்ளாயின என்றும், சிக்கியிருந்த மக்களின் தொகையைக் குறைத்துக் காட்டி உணவும் மருந்தும் தடுக்கப்பட்டன என்றும் அது கூறியது. விடுதலைப் புலிகள் மக்களைக் கேடயமாக வைத்திருந்ததையும், தப்பியோடியவரைச் சுட்டதையும், சிறாரைப் படையில் சேர்த்ததையும் அதே அறிக்கை எடுத்துரைத்தது. இரு தரப்பின்மீதும் போர்க்குற்றம், மானிடத்துக்கு எதிரான குற்றம் ஆகிய குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்றது. இனப்படுகொலை என்ற முடிவுக்கு அக்குழு வரவில்லை.

2013-இல் பிரேமனில் கூடிய நிரந்தர மக்கள் தீர்ப்பாயமும், 2015 பிப்ரவரியில் இலங்கை வட மாகாண சபையும் இனப்படுகொலை என்றே கூறின. 2022-இல் கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை மே 18-ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. ஆயினும் இவற்றுள் எதுவும் சட்டப்படி தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் அன்று.

அரசின் வாதம் என்ன? "எங்கள் இலக்கு புலிகளே, ஏறத்தாழ 2,90,000 மக்கள் உயிருடன் எங்கள் பக்கம் வந்தனர்" என்பதாகும். மறுதரப்பின் வாதம்: "பாதுகாப்பு வலயத்தைக் காட்டி மக்களைக் குவித்து, அங்கேயே குண்டு பொழிந்து, உணவையும் மறுத்தது மூன்றாம் செயலில் அடங்கும்; 1956 முதல் தொடர்ந்த வரலாறு நோக்கத்தைக் காட்டும்" என்பதாகும். முன்னது எளிதில் தள்ளத்தக்கதன்று. பின்னது கேட்கப்படாமலேயே விடத்தக்கதும் அன்று. இரண்டையும் நிறுத்துப் பார்க்க ஒரு நீதிமன்றம் இதுவரை அமையவில்லை என்பதே உண்மை நிலை. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தில் இலங்கை சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. ஆகவே இவ்வினா 'இல்லை' என்று முடிந்த வினா அன்று, விசாரிக்கப்படாத வினா.

நடுநிலை தவறாமை

இலக்கணத்தைக் கையில் எடுத்தவர் அதை எல்லார்க்கும் ஒன்றாகவே பயன்படுத்த வேண்டும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அம்மக்களும் தமிழ் பேசுவோரே. நமக்கு நேர்ந்ததைப் பெருக்கியும் நம்மவர் செய்ததைச் சுருக்கியும் எழுதினால், அது வரலாறாகாது, வழக்கறிஞரின் வாதமாகிவிடும். அவ்வாறு எழுதுவது நம் சொல்லுக்கு இருக்கும் மதிப்பையும் குறைக்கும்.

முடிவுரை

பேராசிரியரின் வினாவுக்கு விடை இதுவே: உள்நாட்டுப் போரில் பொதுமக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்படுவது தானாகவே இனப்படுகொலை ஆகாது; போர் என்ற காரணத்தால் அது இனப்படுகொலை அல்லாமலும் போகாது. கொன்றவர் மனத்தில் இருந்தது ஒரு படையின் தோல்வியா, ஒரு மக்களின் அழிவா என்பதைச் சான்றுகளால் காண வேண்டும்.

மூதாட்டியின் வினாவுக்கும் விடை கூறவேண்டும். பெயரால் போன உயிர் திரும்பாது; அவர் சொன்னது சரியே. ஆனால் 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பு மற்றொன்றையும் கூறியது. ஒரு குழு அழிக்கப்படும் கடும் ஆபத்து உண்டென அறிந்த அக்கணமே, தடுக்கும் கடமை நாடுகளுக்குத் தோன்றிவிடுகிறது. கொலை முடிந்தபின் தீர்ப்புக்காகக் காத்திருப்பதற்காக அன்று, முன்னரே கை நீட்டித் தடுப்பதற்காகவே அப்பெயர் படைக்கப்பட்டது.

இதனை அவரிடம் விளக்கிச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். "அப்படின்னா எங்க லயத்துல தீ வைக்க வந்தப்பவே அந்தப் பேரச் சொல்லி யாராச்சும் நிறுத்தியிருக்கணும்" என்றார். சட்ட நூல்கள் பல பக்கங்களில் கூறுவதை அவர் ஒரே வரியில் கூறிவிட்டார்.

2013-இல் தமிழகத்து மாணவர்கள் இலங்கைச் சிக்கலுக்காக வீதிக்கு வந்தனர். அவ்வுணர்வு போற்றத்தக்கது. உணர்வோடு இலக்கணத்தையும், சான்றையும், நடுநிலையையும் கற்றுக்கொண்டால், நாளை நம்முள் ஒருவர் ஒரு நீதிமன்றத்தின் முன் நின்று, முழக்கமாக அன்றி வழக்காகவே இதனை எடுத்துரைக்கக்கூடும். அதற்கான பயிற்சிக்களம் நம் வகுப்பறையே அன்றோ?