மூடிய பதிவேடும் பெற்றவளின் பெயரும்



அமெரிக்காவில் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள் உண்டு. முதலாவது, பிறந்த சில நாட்களில் எழுதப்படுவது. பெற்ற தாயின் பெயர், பிறந்த ஊர், நாள், சில நேரம் அவள் வைத்த பெயர் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, நீதிமன்றம் தத்தை உறுதிசெய்த பிறகு வழங்கப்படுவது. வளர்ப்புத் தாயே அந்தக் குழந்தையைப் பெற்றதுபோல அவர் பெயர் அதில் ஏறியிருக்கும். புதியது வந்ததும் பழையது முத்திரையிடப்பட்டு அலமாரிக்குள் போய்விடும். பல மாநிலங்களில் அந்தக் குழந்தை வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் நீதிபதியின் உத்தரவு இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. தன் பிறப்பைப் பற்றி அரசே எழுதிவைத்த ஒரு தாளை ஒரு குடிமகன் பார்க்கக் கூடாதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பெற்றவள் தன் பெயர் வெளிவருவதை விரும்பாவிட்டால் என்ன செய்வது என்பது இரண்டாவது.

மூடும் பழக்கம் படிப்படியாக வந்தது. 1917-இல் மின்னசோட்டா மாநிலம் தத்து வழக்கின் ஆவணங்களை வெளியார் பார்வையிலிருந்து விலக்கியது. மணமாகாத பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை என்ற விவரம் ஊர் வாயில் விழக் கூடாது என்பதே அன்றைய அக்கறை. பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் வளர்த்தவர்களுக்கும் கதவு திறந்தே இருந்தது. 1930-களில் அந்தக் கதவும் சாத்தப்படத் தொடங்கியது. நியூயார்க்கில் அதற்கான சட்டம் வந்தபோது ஆளுநராக இருந்த ஹெர்பர்ட் லேமன் தாமே குழந்தைகளைத் தத்தெடுத்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாநிலங்கள் ஒவ்வொன்றாக இந்த வழிக்கு வந்தன. ஓரிகன் 1957-இல் மூடியது. கான்சஸும் அலாஸ்காவும் மட்டும் கடைசிவரை மூடவே இல்லை. அங்கே தத்து முறை அதனால் குலைந்துபோகவும் இல்லை.

இந்தச் சட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் எலிசபெத் சாமுவெல்ஸ் ஒன்றைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்: பெற்ற தாய் பின்னால் வந்து பிள்ளையைத் தேடுவாளோ, குடும்பத்தில் தலையிடுவாளோ என்று வளர்ப்புப் பெற்றோர் அஞ்சினர், அவர்கள் வீட்டைக் காக்கவே ஆவணங்கள் மூடப்பட்டன. தாயின் அந்தரங்கத்தைக் காக்கவே மூடினோம் என்ற விளக்கம் பெரிதும் பிற்காலத்தில், திறக்கச் சொல்லிக் குரல் எழுந்த பிறகு, முன்னுக்கு வந்தது.

சட்டம் நடந்த விதமே இதற்குச் சாட்சி. குழந்தையை ஒப்படைக்கும்போது தாய் கையெழுத்திட்ட பத்திரம், அவள் தன் உரிமைகள் அனைத்தையும் விட்டுக்கொடுப்பதைச் சொன்னது. அவள் பெயரை என்றென்றும் மறைத்துவைப்பதாக அரசு வாக்குக் கொடுக்கும் வரி அத்தகைய பத்திரங்களில் கிடைக்கவில்லை. மேலும், சான்றிதழ் மூடப்பட்டது அவள் பிள்ளையைக் கொடுத்த நாளில் அல்ல, தத்து உறுதியான நாளில். யாரும் தத்தெடுக்காமல் விடுதியிலேயே வளர்ந்த பிள்ளையின் சான்றிதழ் தாயின் பெயரோடு திறந்தே கிடந்தது. அவளைக் காப்பதே நோக்கமானால் அப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் அந்தத் தாய்மார்களின் நிலையைப் பத்திரத்தின் வரிகளை மட்டும் வைத்து அளக்க முடியாது. 1945-க்கும் 1973-க்கும் இடையில் அமெரிக்காவில் ஏறத்தாழ 15 லட்சம் பெண்கள் தங்கள் குழந்தைகளை ஒப்படைத்ததாக ஆன் ஃபெஸ்லர் தம் நூலில் எழுதுகிறார். தத்துப் பிள்ளையாக வளர்ந்த அவர், அந்தப் பெண்கள் பலரைச் சந்தித்து அவர்கள் வாயாலேயே கேட்டு 2006-இல் அதை வெளியிட்டார். வயிறு தெரியத் தொடங்கியதும் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்பப்பட்டு, பெற்றதும் கையெழுத்து வாங்கப்பட்டு, நடந்ததை மறந்துவிடும்படி சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். யாருக்கும் தெரியாது என்று சமூகப் பணியாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பியவர்கள் உண்டு. வன்கொடுமையால் கருவுற்றவர்கள் உண்டு. கணவனிடமும் பின்னால் பிறந்த பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு. எழுத்தில் வாக்கு இல்லை என்பதால் அவர்களுடைய அச்சம் பொய்யாகிவிடாது.

பதிவேட்டைத் திறக்கக் கேட்டவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர். ஜீன் பேட்டன் ஆர்ஃபன் வாயேஜ் என்ற அமைப்பையும், ஃப்ளாரன்ஸ் ஃபிஷர் 1971-இல் ஆல்மா என்ற அமைப்பையும் தொடங்கினர். இருவரும் தத்துப் பிள்ளைகள். 1976-இல் லீ கேம்பல் என்ற தாய், பிள்ளையை ஒப்படைத்த பெற்றோருக்கென்றே ஓர் அமைப்பை உருவாக்கினார். எங்கள் பெயரைச் சொல்லி எங்கள் பிள்ளைகளுக்கு மறுக்காதீர்கள் என்று அந்தத் தாய்மார்கள் கேட்டது விவாதத்தின் போக்கையே மாற்றியது. பெற்றவர்கள் எல்லாரும் மறைப்பை விரும்புகிறார்கள் என்ற எண்ணம் அதற்குப் பிறகு நிற்கவில்லை.

திருப்பம் ஓரிகனில் வந்தது. 1998 நவம்பரில் அம்மாநில மக்கள் நேரடியாக வாக்களித்து, 21 வயது நிறைந்த தத்துப் பிள்ளை கேட்டால் மூலச் சான்றிதழைத் தந்தாக வேண்டும் என்ற சட்டத்தை நிறைவேற்றினர். பெயர் வெளியிடாத தாய்மார்கள் சிலர் வழக்குத் தொடுத்தனர். தத்துச் சட்டம் அவர்களுக்கு முழு மறைப்பை எப்போதும் உறுதியளிக்கவில்லை, அடையாளம் தெரியாமல் பிள்ளை பெறுவது அரசியல் சட்டம் காக்கும் உரிமையும் அல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. 2000-ஆம் ஆண்டு மே இறுதியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதனோடு சேர்த்து ஒரு படிவமும் வந்தது. பெற்ற தாய் அதில் மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம்: நேரில் தொடர்பு கொள்ளலாம், ஓர் இடையாள் வழியாகக் கொள்ளலாம், இப்போது வேண்டாம். குடும்ப நோய்களின் விவரத்தையும் எழுதித் தரலாம். சான்றிதழோடு இந்தப் படிவமும் பிள்ளையின் கைக்குப் போகும். ஆயிரக்கணக்கானோர் சான்றிதழ் பெற்றனர். ‘வேண்டாம்’ என்று வந்த படிவங்கள் அந்த எண்ணிக்கைக்கு முன் மிகச் சில.

சிக்கலின் முடிச்சு அவிழ்வது இந்த இடத்தில்தான். ஆவணத்தைப் பார்ப்பது ஒன்று, ஆளைத் தேடிப் போவது வேறொன்று. தன் பெயர், தன் தாயின் பெயர், தான் பிறந்த இடம் ஆகியவை பிள்ளையின் வாழ்க்கையைச் சேர்ந்தவை. அவற்றை இன்னொருவர் சம்மதத்தில் தொங்கவிடுவது நியாயமில்லை. உறவாடுவதோ இருவர் சம்மதத்தில் நிற்பது. அதை மறுக்க எந்தத் தாய்க்கும் முழு உரிமை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய சட்டம் பிள்ளையிடமிருந்து ஆவணத்தைப் பறிக்கிறது. தாய்க்கோ தன் விருப்பத்தைச் சொல்ல ஒரு வழிகூட வைப்பதில்லை.

பிரிட்டன் இந்த வேறுபாட்டை முன்பே கண்டுகொண்டது. ஸ்காட்லாந்தில் 1930-இலிருந்தே பதிவேடு வளர்ந்த பிள்ளைக்குத் திறந்திருந்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 18 வயது நிறைந்தோருக்குத் திறந்தன. அவ்வாண்டு நவம்பர் 12-க்கு முன் தத்துப் போனவர்கள் மட்டும் முதலில் ஓர் ஆலோசகரைச் சந்தித்தாக வேண்டும். அவர்களுடைய தாய்மார்கள் பழைய சட்டத்தை நம்பிக் கையெழுத்திட்டவர்கள் என்பதே காரணம். அயர்லாந்து 2022-இல் திறந்தபோது, தொடர்பு வேண்டாம் என்று பெற்றோர் பதிவு செய்திருந்தால் பிள்ளையிடம் அதை விளக்கும் ஓர் உரையாடலை மட்டும் நிபந்தனையாக்கியது. அது தொலைபேசியிலேயே நடக்கலாம்.

பிரான்ஸ் எதிர்த்திசையில் நிற்கிறது. அங்கே ஒரு பெண் தன் பெயரைச் சொல்லாமலே மருத்துவமனையில் பிள்ளை பெறலாம். அப்படிப் பிறந்த ஒருவர் தொடுத்த ஒதியேவ்ர் வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003-இல் பத்துக்கு ஏழு என்ற கணக்கில் பிரான்சின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பெயர் கேட்டால் பெண்கள் மருத்துவமனைக்கே வராமல் மறைவில் பெற்று, தாயும் சேயும் ஆபத்துக்குள்ளாவார்கள் என்ற வாதம் அங்கே வலுவாக நின்றது. அது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஜெர்மனி 2014-இல் நடுவழி ஒன்றைக் கண்டது: தாயின் பெயர் உறையிலிட்டு அரசிடம் இருக்கும், பிள்ளை 16 வயதில் அதைக் கேட்கலாம், தாய் மறுத்தால் குடும்ப நீதிமன்றம் முடிவு செய்யும். பெண்ணுக்குப் பாதுகாப்பான பிரசவத்தைத் தந்து, பிள்ளைக்கும் வழியை அடைக்காத ஏற்பாடு இது.

மரபணுப் பரிசோதனை இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. உமிழ்நீரை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் தூரத்து உறவினர் பட்டியல் வந்துவிடுகிறது. தாயின் பெயரை அறியப் பிள்ளை அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரிக்கும் மருமகனுக்கும் எழுத வேண்டியிருக்கிறது. சான்றிதழைத் தந்திருந்தால் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும் செய்தி, மறைத்ததால் உறவினர் பலருக்குத் தெரிகிறது. இன்று மூடிய பதிவேடு அந்தத் தாயின் அந்தரங்கத்துக்கே கேடாகிறது.

மறைப்பு தீயவர்களுக்கும் உதவியிருக்கிறது. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 1950 வரை குழந்தைகள் இல்லம் ஒன்றை நடத்திய ஜார்ஜியா டான், ஏழைகளின் குழந்தைகளைக் கவர்ந்து பணக்காரர்களுக்கு விற்றதை மூடிய ஆவணங்கள் மறைத்துக் காத்தன. 1980-களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்குத் தத்துப் போன குழந்தைகள் பலரின் தாள்களில் போலித் தாய்மார்களின் பெயர்கள் இருந்தது பின்னால் தெரிய வந்தது. அங்கே பதிவேட்டைத் திறந்தாலும் உண்மை கிடைப்பதில்லை. சில இடங்களில் திறக்கவே ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், யாரும் பார்க்காமல் தொட்டிலில் விடப்பட்ட குழந்தைக்குத் தாயின் பெயர் எழுதப்பட்ட தாளே இல்லை.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகள் தத்துப் பிள்ளையின் வேர் தேடலுக்கு இடம் தருகின்றன. மத்திய ஆணையமான காராவும், தத்துக் கொடுத்த நிறுவனமும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் அதற்கு உதவ வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருந்தால் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைக்காக வேறொருவர் தேட அனுமதி இல்லை. பிள்ளையின் உரிமை பெற்றவர்களின் அந்தரங்க உரிமையை மீறக் கூடாது என்றும் விதி சொல்கிறது. ஒப்படைத்தபோது பெயரை மறைக்கக் கேட்டிருந்தால் அவர்களுடைய சம்மதம் தேவை. அவர்கள் மறுத்தாலும், தேடிக் கிடைக்காவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் என்ன காரணத்தால் ஒப்படைக்கப்பட்டோம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும்.