படைப் பணியும் பழைய வழக்கும்

பட்டப் படிப்பை முடிக்கும் தறுவாயில் உள்ள நம் மாணவர்களுள், குறிப்பாகத் தேசிய மாணவர் படையில் பயிற்சி பெற்றோருள், இராணுவத்தில் சேர விழைவோர் பலர். ஓட்டம், உயரம், மார்பளவு ஆகியவற்றை எல்லாம் அவர்கள் விசாரித்து அறிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால், ‘உம்மீது வழக்கு ஏதேனும் உண்டா?’ என்னும் கேள்வியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வரலாற்று மாணவனாகிய நான் இதுபற்றிப் படித்தறிந்தவற்றை ஈண்டு எழுத முனைகின்றேன்.

படைகள் எக்காலத்தும் ஒழுக்க சீலர்களை மட்டுமே நாடியதில்லை. 1831இல் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் தோற்றுவித்த அயல்நாட்டார் படை, மாற்றுப் பெயரில் சேர்வோரையும் ஏற்றது. பழைய வாழ்வைக் கேளாத படை என்றே அது பேர் பெற்றது. இன்றோ அப்படையும் பின்னணியைத் துருவிப் பார்த்தே ஆள் எடுக்கிறது. ஈராக் போர் நீண்டபோது அமெரிக்கத் தரைப்படை, பெருங்குற்றத் தண்டனை பெற்றோருக்கு அளித்த விலக்குகள் 2006இல் 249 ஆக இருந்து, 2007இல் 511 ஆக உயர்ந்தன. உருசியாவில் 2022இல் வாக்னர் கூலிப்படை சிறைக்கூடங்களுக்கே சென்று, ஆறு மாதம் போரிட்டால் மன்னிப்பு என்று ஆள் திரட்டியது. ஆள் பற்றாக்குறை வரும்போது ஒழுக்கத்தின் அளவுகோல் தளர்கிறது என்பதே என் துணிபு. நம் நாட்டில் நிலைமை வேறு. இடங்கள் சில, இளைஞர்களோ பல்லாயிரவர். ஆகவே அளவுகோல் தளர வேண்டிய அவசியமே எழுவதில்லை.

1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அதன் 13ஆம் பிரிவின்படி, சேர்க்கை அதிகாரி பணி நிபந்தனைகளைப் படித்து விளக்க வேண்டும். பொய் விடை கூறினால் தண்டனை உண்டு என எச்சரித்த பின்னரே படிவத்திலுள்ள கேள்விகளைக் கேட்க வேண்டும். வேண்டுமென்றே பொய் சொல்லிச் சேர்ந்தது பின்னர் தெரியவந்தால், 44ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். மறைத்துச் சேர்ந்தவன் வேலையை மட்டும் இழப்பதில்லை, புதிதாக ஒரு குற்றத்தையும் தேடிக்கொள்கிறான்.

எங்கள் தெருத் தம்பி ஒருவரின் நிலை இதற்குப் பொருந்தும். திருவிழாக் கைகலப்பு ஒன்றில் அவர் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிட்டது. பிறகு இரு தரப்பாரும் சமாதானமாகி, வழக்கும் முடிந்தது. “முடிஞ்சு போன வழக்கை எதுக்குண்ணே எழுதணும்?” என்று கேட்டார். மத்திய அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. கைதானது உண்டா, வழக்குத் தொடரப்பட்டது உண்டா, அபராதம் கட்டியது உண்டா என்றெல்லாம் கேட்கிறது. விடுதலை ஆனவரும் ‘ஆம்’ என்றே எழுதியாக வேண்டும். எழுதச் சொன்னேன், தீர்ப்பின் நகலையும் இணைக்கச் சொன்னேன். அவருடைய தந்தையாருக்கு என்மீது சற்று வருத்தந்தான்!

உச்ச நீதிமன்றமும் இளைஞர்களைக் கண்டிப்போடு மட்டும் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் பழைய வழக்கொன்றைக் குறிப்பிடாத தில்லிக் காவல்துறை விண்ணப்பதாரர் ஒருவருக்கு 2011இல் பரிவு காட்டிய அந்நீதிமன்றம், ரொட்டி திருடியதற்காக வாழ்நாள் முழுதும் முத்திரை குத்தப்பட்ட ழான் வால்ழானை நினைவுகூர்ந்தது. கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழில் தந்த அந்தக் கதாநாயகனை நம்மில் அறியாதார் யார்?

2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அரசுப் பணிகளுக்குப் பொதுவான வழிகாட்டுதல்களை வகுத்தனர். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயங்களை ஒருவர் மறைத்திருந்தாலும், நியமன அதிகாரி தம் விருப்புரிமைப்படி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றனர். ஆனால் அதே தீர்ப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. உண்மையை எழுதிவிட்டதனாலேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்று எவரும் வற்புறுத்த முடியாது. அவர் தகுதியானவரா என்று ஆராயும் உரிமை அரசுக்கு உண்டு. உண்மை சொன்னவனுக்கும் கதவு மூடப்படலாம் என்பது கசப்பான செய்திதான். எனினும் அவனுக்கு ஐந்தாண்டுச் சிறை என்ற அச்சம் இல்லை.

பதினெட்டு வயதுக்கு முன் நிகழ்ந்தவற்றுக்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 24ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழ் நடவடிக்கைக்கு உள்ளான சிறார்க்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது. பதினாறு வயது கடந்து, கொடுங்குற்றம் புரிந்து, பெரியவர்களைப் போலவே விசாரிக்கப்பட்டோர் இதற்கு விலக்கு.

நம் மாணவர்கள் மறக்கக் கூடாத நிகழ்ச்சி 2022 ஜூனில் நடந்தது. அக்னிபத் திட்டம் 14ஆம் நாள் அறிவிக்கப்பட்டதும் வடமாநிலங்களில் இரயில்கள் எரிந்தன. எரித்தோருள் பலர் பல்லாண்டுகளாக அதே இராணுவத்திற்காக விடியற்காலையில் ஓடிப் பழகியவர்கள். 19ஆம் நாள் இராணுவ அதிகாரிகள், தீவைப்பில் பங்கு கொள்ளவில்லை என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும், காவல்துறைச் சரிபார்ப்பின்றி எவரும் சேர முடியாது, வழக்கு உள்ளவருக்கு இடமில்லை என்று அறிவித்தனர். அவர்கள் குறையில் நியாயம் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன். எனினும் அந்த நியாயத்தைச் சரிபார்ப்புப் படிவத்தில் எழுத இடம் கிடையாது.

வழக்கு இன்னும் நிலுவையில் உள்ளவர்கள் ஆள்சேர்ப்பு முகாம் நாள் நெருங்கும் வரை காத்திராமல் வழக்கறிஞரைக் காண்பது நலம். சமாதானத்திற்கு உரிய குற்றமாயின் விசாரணை நீதிமன்றத்திலேயே முடித்துக்கொள்ளலாம். தகுந்த காரணம் இருப்பின், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 528ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் இரத்துக் கோரலாம். எவ்வழியில் முடிந்தாலும் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, மதிப்பெண் பட்டியலோடு சேர்த்தே பத்திரப்படுத்துங்கள்.