கட்டிலிலிருந்து வீல்சேருக்கு...

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். மறுநாள் பாத்ரூம் போக எழுந்த பெரியவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். வார்டுகளில் பழகிப்போன கதை!

படுத்திருப்பவரைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். சிலருக்கு எழுந்த 3 நிமிடங்களுக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கிவிடும், கண் இருட்டும். காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்காரட்டும்.

வீல்சேரில் இரண்டு பிரேக்கும் போட்டாயிற்றா? கால் வைக்கும் தகட்டை மடக்கியாயிற்றா? பக்கவாதம் வந்தவருக்குப் பலமுள்ள பக்கமாக வண்டி நிற்கட்டும். சிறுநீர்ப் பை கட்டில் கம்பியிலேயே தொங்கும். பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை, நகர்த்தும் முன் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவலாம், இடுப்பைப் பிடியுங்கள்.

“அட்டெண்டர் வர லேட்டாகும், நீங்களே பிடிங்க” என்று வார்டில் சொன்னால், தனியாகத் தூக்க முடியாது என்று தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

மீறி விழுந்துவிட்டால் பதறித் தூக்க வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும். விழுந்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் அலட்சியம் என்றால், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 1995-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமை இது.