டோக்கியோவில் கேமராக் கடை தேடுபவருக்கு

பெயர்ப் பலகையில் ‘கேமரா’ என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே நுழைந்தால் செல்பேசி, ரைஸ் குக்கர், துணி துவைக்கும் இயந்திரம், பொம்மை, சில கிளைகளில் மது பாட்டில்கூடக் கண்ணில் படும். டோக்கியோவுக்கு முதன்முறை போகிறவர்களைத் திகைக்க வைக்கும் காட்சி இது. யோடோபாஷி கேமரா, பிக் கேமரா இரண்டும் புகைப்படப் பொருள் விற்று வளர்ந்து, பிறகு எல்லாமும் விற்கும் பேரங்காடிகளான நிறுவனங்கள். பெயர் மட்டும் பழையபடி நிற்கிறது.

அதற்காக அங்கே போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். ‘இந்த ஊரில் நல்ல கேமராக் கடை எது?’ என்ற கேள்வியால் பயன் அதிகம் இல்லை. எனக்கு வேண்டியது புதுச் சரக்கா, பழைய சரக்கா, சின்ன உதிரியா, அபூர்வமான ஒன்றா என்று முதலில் பிரித்துக்கொண்டால், அவ்வளவு பெரிய நகரமும் மூன்று நான்கு தெருக்களாகச் சுருங்கிவிடும். எலெக்ட்ரானிக்ஸ் என்றால் ரிச்சி தெரு, மொத்த விலைத் துணி என்றால் கோடவுன் தெரு என்று சென்னைக்காரர் கால் தானாகப் போவதைப் போலத்தான்.

எந்த வட்டாரம், எதற்கு?

ஷின்ஜுகு ரயில் நிலையத்தின் மேற்கு வாசல் பக்கம் யோடோபாஷியின் தலைமைக் கடை இருக்கிறது. ஒரே கட்டடம் என்று நினைக்க வேண்டாம். குறுகிய தெருக்களில் பல கட்டடங்களாகப் பிரிந்து கிடக்கிறது. புது கேமரா, பேட்டரி, ஃபில்டர், லென்ஸ் மூடி, முக்காலித் தலையில் மாட்டும் தட்டு, பிலிம் சுருள், டெவலப் செய்யும் ரசாயனம் எல்லாவற்றுக்கும் இதுவே இடம். பயணத்தில் சட்டென்று ஏதாவது தொலைந்தால் வேறெங்கும் அலையாமல் இங்கே போய்விடலாம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் மேப் கேமரா. பழைய கேமராவும் லென்ஸும் வாங்க வருபவர்களின் முதல் நிறுத்தம். மாடிக்கு மாடி கம்பெனி பிரித்து அடுக்கியிருப்பதால், நிக்கான்காரர் கேனன் மாடியில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. நிலையத்தின் கிழக்குப் பக்கம் 2020இல் திறந்த கிதாமுரா கேமராவின் பெரிய கடை உள்ளது. கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடியே மாடி ஏறலாம். மேலே பழைய லைக்காக்கள்.

ஷின்ஜுகுவிலிருந்து சூவோ பாதையில் விரைவு ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் நகானோ. 1938இல் தொடங்கிய ஃபுஜியா கேமரா இங்கேதான். விலையை ஒப்பிட விரும்புபவர்கள் இந்த ஒரு நிறுத்தப் பயணத்தைத் தவிர்க்கக் கூடாது. அருகிலுள்ள நகானோ பிராட்வே, 1966இல் கட்டிய அங்காடிக் கட்டடம். மாங்கா, பொம்மை, கைக்கடிகாரம் என்று சேகரிப்பவர்களின் உலகம். கூட வரும் குடும்பத்தாரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாக லென்ஸ் பார்க்கலாம்.

கின்சா வேறு ரகம். லைக்கா நிறுவனம் தானே நடத்தும் முதல் கடையை 2006இல் திறந்தது இங்கேதான். பழைய லைக்கா, நிக்கான் ரேஞ்ச்ஃபைண்டர் போன்றவற்றை விற்கும் சிறு கடைகள் பக்கத்துத் தெருக்களில் உண்டு. விலை மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தெரியும். சரக்கின் நிலையும் அதற்கேற்ப இருக்கும். மட்சுயா பல்பொருள் அங்காடியில் பிப்ரவரி வாக்கில் நடக்கும் பழைய கேமராச் சந்தை, சேகரிப்பாளர்களிடையே பேர் பெற்றது. பயணத் தேதியை மாற்ற முடிகிறவர்கள் அதையும் கணக்கில் கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன்

செல்பேசி வரைபடத்தில் ஆங்கிலத்தில் ‘கேமரா ஷாப்’ என்று தேடினால் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோவும் வந்து நிற்கும். ஜப்பானிய மொழியில் பழைய கேமராவுக்கு ‘சூகோ கமேரா’ என்பார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் அந்தச் சொல்லை ஜப்பானிய எழுத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு தேடுங்கள், பட்டியலே மாறிவிடும்.

மேப், கிதாமுரா, ஃபுஜியா மூன்றும் தங்களிடமுள்ள பழைய சரக்கை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, விலையும் நிலையும் குறித்து இணையத்தில் போடுகின்றன. விடுதி அறையில் ஓர் இரவு அதைப் பார்த்துவிட்டுப் போனால் கடையில் பாதி நேரம் மிச்சம். புதுச் சரக்குக்கு ‘ககாகு’ என்ற விலை ஒப்பீட்டுத் தளம் போதும்.

வேண்டியதன் முழுப் பெயரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘நிக்கான் 50 எம்.எம்.’ என்றால் கடைக்காரர் எதை எடுப்பார்? எந்தத் தலைமுறை, எந்த மவுண்ட், எவ்வளவு அபர்ச்சர் என்று எழுதியிருந்தால் பேச்சே தேவைப்படாது. நான் எஃப்எம்2 கேமராவுக்கான ஃபோகசிங் ஸ்கிரீனைத் தேடி அலைந்தபோது, பழைய திரையின் படத்தைச் செல்பேசியில் காட்டினேன். கடைக்காரர் தலையசைத்து, தன்னிடம் இல்லை என்று கையால் காட்டிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னொரு கடைக்கு வழி வரைந்து கொடுத்தார். போட்டிக் கடைதான். அதன் பிறகு, இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு கடையிலும் ‘வேறு எங்கே?’ என்று கேட்காமல் நான் வெளியே வருவதில்லை.

வாசலைக் கண்டுபிடிப்பது

ஷின்ஜுகு நிலையத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட வாசல்கள். தவறான வாசலில் ஏறினால் கடை எதிரே தெரிந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே கடையின் முகவரியோடு வாசலின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறு கடைகள் பெரும்பாலும் மாடியில் இருக்கும். கட்டட ஓரத்தில் செங்குத்தாகத் தொங்கும் பலகையில் மாடி எண் பார்க்க வேண்டும். ஜப்பானில் தரைத்தளம்தான் முதல் மாடி. அவர்களின் இரண்டாம் மாடி நம் முதல் மாடி.

காலை பத்து, பத்தரைக்கு முன் பெரும்பாலான கடைகள் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய கடைகள் இரவு வரை இருக்கும்; சிறு கடைகள் மாலையிலேயே மூடிவிடும், வாரநாளில் விடுமுறையும் விடும்.

விலைச் சீட்டை வாசிப்பது

பழைய சரக்கின் சீட்டில் விலையைவிட முக்கியமானது நிலை. ‘பிஹின்’ என்றால் அழகாக இருக்கிறது. ‘ர்யோஹின்’ நல்ல நிலை. ‘நமிஹின்’ உழைத்த தடயங்களோடு சாதாரண நிலை. ‘ஜங்க்கு’ என்றால் வேலை செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். கூடவே ‘கபி’ என்றிருந்தால் லென்ஸில் பூஞ்சை. ‘குமோரி’ என்றால் உள்ளே மங்கல். இந்தச் சொற்களின் ஜப்பானிய எழுத்தையும் செல்பேசியில் சேமித்து வையுங்கள்.

இந்தச் சீட்டுகளை நம்பலாம் என்பது என் அனுபவம். ஒரு கடையில் நான் கேட்ட லென்ஸை எடுத்த ஊழியர், கையில் கொடுப்பதற்கு முன் தானே சிறு டார்ச்சை அடித்து, பின்பக்கக் கண்ணாடியில் இருந்த மெல்லிய மங்கலைச் சுட்டிக்காட்டினார். நான் கவனித்தே இருக்க மாட்டேன். இருந்தாலும் நீங்களும் டார்ச் அடித்துப் பாருங்கள். குறிப்பாகப் பூஞ்சை. சென்னையின் ஈரக் காற்றில் அது வளரக் காத்திருக்கும். சிறு புள்ளியானாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

சொந்த கேமரா உடல், மெமரி கார்டு, சார்ஜ் ஏறிய பேட்டரி மூன்றும் பையில் இருக்கட்டும். லென்ஸை மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டால் பொதுவாக மறுப்பதில்லை. பிலிம் கேமராவானால் பின்கதவைத் திறந்து, ஓரங்களில் ஒட்டியுள்ள ஸ்பாஞ்சு பிசுபிசுத்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒளி கசிவது அங்கேதான். ஷட்டரை ஒரு விநாடி வேகத்தில் வைத்துக் காது கொடுங்கள். இழுத்து இழுத்து ஓடினால் சர்வீஸ் செலவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

டிஜிட்டல் வாங்குபவர் ஒன்றை மறக்கக் கூடாது. ஜப்பான் சந்தைக்கென்று வரும் சோனி ஆல்ஃபா கேமராக்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். ஆங்கிலத்துக்கு மாற்ற வழியில்லை. விலை கவர்ச்சியாக இருந்தாலும் மொழித் தேர்வுப் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். கடைகள் பழைய சரக்குக்குத் தரும் உத்தரவாதம், ஊருக்குத் திரும்பிய பின் நடைமுறையில் உதவாது என்பதையும் விலையோடு எடை போடுங்கள்.

பணம், வரி, பை

பேரம் கிடையாது. கேட்டால் சிரிப்பார்கள், விலை இறங்காது. உங்கள் பழைய லென்ஸைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். பழைய பொருள் வணிகத்துக்கு 1949ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உள்ளது. விற்பவரிடம் அடையாள ஆவணம் கேட்பார்கள். ஜப்பானில் முகவரி இல்லாத பயணிக்கு அது கைகூடாது.

நுகர்வு வரி 10 சதவீதம். குறுகிய காலப் பயணிகளுக்கு, வரிச் சலுகைப் பதிவுள்ள கடையில் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால் விலக்கு உண்டு. அசல் பாஸ்போர்ட் வேண்டும், நகல் செல்லாது. இதுவரை கடையிலேயே வரியைக் கழித்து வந்தார்கள். 2026 நவம்பர் 1 முதல் முழு விலையும் கட்டிவிட்டு, கிளம்பும்போது சுங்கத்தில் காட்டித் திரும்பப் பெறும் முறைக்கு மாறுகிறது. எனவே வாங்கியதைக் கைப்பையில் வையுங்கள். லித்தியம் பேட்டரியும் அங்கேதான் இருக்க வேண்டும். வாங்கிய பிலிமைப் புதுவகை சிடி ஸ்கேனரில் விடாமல், கையால் சோதிக்கக் கேளுங்கள்.

நம் விமான நிலையத்துக்கும் ஒரு குறிப்பு: விலை உயர்ந்த சொந்த கேமராவோடு கிளம்புபவர்கள் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது எது புதிது, எது பழையது என்ற விவாதம் எழாது.

ஒரே நாள்தான் இருக்கிறதா?

காலையில் நகானோ போய் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள். மதியம் ஷின்ஜுகுவில் அதே சரக்கை ஒப்பிடுங்கள். நகானோ மலிவு என்று தெரிந்தால் திரும்பிப் போக ஒரே நிறுத்தம். லைக்காப் பித்து உள்ளவர்கள் மட்டும் கின்சாவைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொரு அரை நாள் கிடைத்தால், திங்கள் தவிர்த்து, ஹன்சோமோன் அருகிலுள்ள ஜேசிஐஐ கேமரா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1839ஆம் ஆண்டின் ஜிரூ டாகேரோடைப் கேமரா அங்கே இருக்கிறது. அதைக் கடைகளுக்குப் போவதற்கு முன் பார்ப்பது நல்லது: எந்த மாடல் எந்தக் காலத்தது, எதற்குப் பிறகு எது வந்தது என்று கண்ணுக்குப் பழகிவிடும். அதன் பிறகு கண்ணாடிப் பெட்டி முன் நிற்கும்போது, பளபளப்பைப் பார்த்து மயங்காமல் வந்த காரியத்தைப் பார்க்கலாம்.