ஆபீஸ் போனில் எந்தச் செயலி?

அலுவலகக் கருவிகளில் எந்தெந்தச் செயலிகளை அனுமதிக்கலாம் என்று வரைவுச் சுற்றறிக்கை தயாரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? வெள்ளைத்தாளோடு உட்கார வேண்டாம். 2023 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் டிக்டாக்கை முன்னிட்டுப் பல அரசுகள் இதே கேள்விக்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லின. எது நடைமுறையில் தாங்கும், எது கண்துடைப்பு என்று அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே புரியும்.

எல்லாவற்றிலும் சுலபமானது, ஒரு செயலியின் பெயரைச் சொல்லித் தடுப்பது. அமெரிக்கா 2022 டிசம்பரில் அதற்கென்றே சட்டம் போட்டது. 2023 பிப்ரவரி 27-இல் துறைகளுக்கு 30 நாள் கெடு விதித்தது. மறுநாளே கனடாவிலும் தடை. காரணம் வெறும் பீதி அல்ல. செய்தியாளர்கள் சிலரின் தரவைத் தன் ஊழியர்களே எடுத்துப் பார்த்ததை டிக்டாக்கின் தாய் நிறுவனமான சீனாவின் பைட்டான்ஸ் 2022 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு பக்க உத்தரவு, ஊழியருக்கும் குழப்பமில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத அடுத்த செயலி வந்ததும் மறுபடி கோப்பைத் திறக்க வேண்டும். 2023 ஏப்ரலில் டிக்டாக்கைத் தடுத்த ஆஸ்திரேலியா, 2025 பிப்ரவரியில் டீப்சீக் என்ற ஏ.ஐ. செயலிக்காகத் தனியாக இன்னோர் உத்தரவு போட வேண்டியதாயிற்று. ஒற்றைப் பெயரில் அரசியல் வாடை வேறு ஒட்டிக்கொள்ளும்: அரசுக் கருவிகளில் கூடாது என்ற சட்டம் இருக்கும்போதே 2025 ஆகஸ்டில் வெள்ளை மாளிகை டிக்டாக்கில் கணக்குத் தொடங்கியது.

பிரான்ஸ் வகைப்படி தடுத்தது. எந்த நாட்டின் மீதும் விரல் நீட்டாமல், பொழுதுபோக்குச் செயலிகள் எதுவும் அரசு ஊழியரின் அலுவலகப் போனில் கூடாது என்று 2023 மார்ச் 24-இல் அறிவித்தார்கள். டிக்டாக்கோடு நெட்ஃபிளிக்ஸ், கேண்டி க்ரஷ் எல்லாம் போயின. ராஜதந்திரமாக நல்ல யோசனைதான். ஆனால் யூடியூப் பொழுதுபோக்கா, பயிற்சிக் காணொளியா என்ற வழக்குத் தீராது. தரவு கசியும் வழி பெரும்பாலும் விளையாட்டில் இருக்காது, வேலைக்கென்று நாம் பயன்படுத்தும் செயலியில்தான் இருக்கும். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, தடைப்பட்டியலைத் தலைகீழாக்குவது: அனுமதித்தவை மட்டும் இருக்கலாம், மற்றவை நிறுவவே முடியாது. டிக்டாக் தடையோடு பிரிட்டன் இதையும் சேர்த்து அறிவித்தது. நெதர்லாந்தும் முதலில் டிக்டாக் வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு, முன் அனுமதி பெற்ற செயலிகள் மட்டும் இயங்கும் போன்களை நோக்கிப் போவதாகச் சொன்னது. என் ஓட்டு இதற்கே. புதுச் செயலி வந்தால் அது அனுமதி கேட்டு வரிசையில் நிற்கட்டும். நீங்கள் அதைத் துரத்த வேண்டாம். ஒன்றை மட்டும் சுற்றறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்: விண்ணப்பம் யாருக்குப் போகும், எத்தனை நாளில் பதில் வரும். அது இல்லாத பட்டியலை ஊழியர்கள் ஒரே மாதத்தில் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, போன் யாருடையது என்பதுதான். பிரிட்டனில் தடை வந்ததும் எரிசக்தி அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ், தான் அரசுக் கருவியில் டிக்டாக் வைத்ததே இல்லை என்று டிக்டாக்கிலேயே காணொளி போட்டார். விதிப்படி தவறில்லை. நம் பக்கம் நிலைமை இன்னும் வேடிக்கை. வி.ஏ.ஓ.வின் போனும் அவர் காசு, ரீசார்ஜும் அவர் காசு. தாலுகா ஆபீஸ் வேலையோ அதில் உள்ள வாட்ஸ்அப் குரூப்பில் நடக்கிறது. ‘அலுவலகக் கருவி’ என்று எழுதினால் மேசைக் கணினியோடு உங்கள் அதிகாரம் முடிந்தது. சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணினிகளிலும் கருவிகளிலும் தவிர்க்கச் சொன்ன மத்திய நிதியமைச்சகத்தின் 2025 ஜனவரிச் சுற்றறிக்கைக்கும் இதே எல்லைதான். கோப்பைச் சட்டைப்பை போனில் படமெடுத்து அங்கே கேட்டால் யாருக்குத் தெரியும்?

ஐரோப்பிய ஆணையம் இதை யோசித்திருந்தது. அலுவலகப் போன்களோடு, ஆணையத்தின் மொபைல் சேவையில் பதிவான சொந்தப் போன்களையும் தடைக்குள் கொண்டுவந்தது. எல்லோருக்கும் போன் வாங்கித்தர நிதி இல்லையென்றால், ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் என்ற வசதி இருக்கிறது. ஒரே போனுக்குள் அலுவலகத்துக்குத் தனி அறை. அங்குள்ள செயலிகளின் மேல் சின்னப் பெட்டிப் படம் தெரியும். அந்த அறையின் கோப்புகள் வெளியே உள்ள செயலிகளுக்குக் கிடைக்காதபடி நிர்வாகி பூட்டலாம். ஊழியர் மாற்றலாகிப் போனால் அந்த அறையை மட்டும் அழிக்கலாம். வீட்டுப் படங்களை நிர்வாகி பார்க்க முடியாது. இந்தக் கடைசி வரியைச் சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போடுங்கள், சங்கத்தோடு பாதிச் சண்டை மிச்சம்.

அடுத்தது மாற்று. வாட்ஸ்அப் வேண்டாம் என்றால் எதில் பேசுவது? சுவிஸ் ராணுவம் 2022-இல் த்ரீமாவைக் கையில் கொடுத்துவிட்டே வாட்ஸ்அப்பை விலக்கச் சொன்னது. பிரெஞ்சு அமைச்சர்களுக்கு 2023 டிசம்பர் 8-க்குள் ஒல்விட் என்று உத்தரவு. இங்கே என்.ஐ.சி. உருவாக்கிய சந்தேஸ் இருக்கிறது. மாற்றைக் கொடுத்தால் மட்டும் போதாது, மேலதிகாரி அதற்கு மாற வேண்டும். கலெக்டர் பழைய குரூப்பிலேயே தகவல் கேட்டால் கீழே யாரும் அசைய மாட்டார்கள்.

மறையாக்கம் உறுதியாக இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் அமெரிக்க உயரதிகாரிகள் ஏமன் தாக்குதல் பற்றி சிக்னல் செயலியில் பேசிய குரூப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரையே தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள். சில செய்திகள் தானாக அழியும்படியும் வைத்திருந்தார்கள். அரசுப் பதிவேடு என்னாவது? பதிவைச் சேமித்துவைக்கும் சிக்னல் நகல் ஒன்றைத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் பயன்படுத்தியது பின்னர் புகைப்படத்தில் தெரிந்தது. சில நாட்களில் அந்த நகலை உருவாக்கிய நிறுவனத்துக்குள்ளேயே ஹேக்கர் புகுந்துவிட்டார். ஆகவே மாற்றுச் செயலியைத் தேர்வு செய்கிறவர் சர்வர் எங்கே, உறுப்பினரைச் சேர்ப்பது யார், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் செய்தியை எடுத்துத்தர முடியுமா என்ற மூன்றையும் விற்க வருகிறவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

கடைசியாக விதிவிலக்குப் பத்தி. மக்கள் தொடர்புப் பிரிவுக்கு இன்ஸ்டாகிராம் வேண்டும், சைபர் கிரைம் போலீசுக்கு எல்லாமே வேண்டும். அவர்களுக்குத் தனிப் போன், தனி சிம், தனி இணைப்பு. அதில் அரசு மின்னஞ்சலும் அதிகாரிகளின் எண்களும் ஏறக் கூடாது. விதிவிலக்கு ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும்; பெயருக்கு இல்லாமல் பதவிக்குத் தர வேண்டும்.