ஏட்டுத் திட்டமும் நிலத்துச் சாலையும்: தலைநகர் மண்டலம் தரும் பாடம்

ஒரு மண்டலத்துக்கு நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டம் வகுப்பது அரிய பணி. வகுத்த திட்டத்தை நிறைவேற்றுவது அதனினும் அரிய பணி. இருபது ஆண்டுக் காலத்தில் திட்டத்தை வகுத்த அலுவலர்கள் ஓய்வு பெற்றுவிடுவர்; ஆட்சிகள் மாறும்; விலைவாசி உயரும்; வரைபடத்தில் சாலைக்கெனக் குறித்த இடத்தில் வீடுகள் எழும். எனவே எந்தத் திட்டமும் நான்கு வினாக்களுக்கு விடை கூறவேண்டும். பணியைச் செய்பவர் யார்? பணம் எவருடையது? நிலம் எங்கே? முடியும் நாள் எது? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்தபோது பணி எவ்வாறு விரைந்தது, கிடைக்காதபோது எவ்வாறு தேங்கியது என்பதைத் தேசியத் தலைநகர் மண்டலத்தின் அனுபவம் தெளிவாக உணர்த்துகிறது.

சட்டமும் திட்டமும்

தில்லியின் மக்கள்தொகைப் பெருக்கத்தைத் தில்லிக்குள் மட்டும் சமாளிக்க இயலாது என்பது நெடுநாளைய கருத்து. ஆனால் நிலம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே அரியானா, இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலச் சட்டமன்றங்களின் இசைவுடன் 1985 இல் நாடாளுமன்றம் தேசியத் தலைநகர் மண்டலத் திட்ட வாரியச் சட்டத்தை நிறைவேற்றியது. மண்டலம் முழுமைக்கும் வாரியம் ஒரு திட்டம் வகுக்கும்; அதற்கு இயைய ஒவ்வொரு மாநிலமும் தன் பகுதிக்குத் துணை மண்டலத் திட்டம் வகுக்கும்; போக்குவரத்து போன்ற துறைகளுக்குத் தனிச் செயல்முறைத் திட்டங்கள் உண்டு; இறுதியில் ஒவ்வொரு பணிக்கும் பணித்திட்டம். இதுவே சட்டம் காட்டிய ஏணி.

2001 ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட முதல் மண்டலத் திட்டம் 1989 இல் நடைமுறைக்கு வந்தது. சுற்றியுள்ள நகரங்களை வளர்த்து, சாலையாலும் இரயிலாலும் அவற்றை இணைத்தால், தில்லியின் மக்கள்தொகையை 2001 இல் 112 இலட்சத்துக்குள் நிறுத்தலாம் என்று அது கருதியது. ஆனால் 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 138 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இதற்குக் காரணங்கள் பல. எனினும், வேலையும் விரைவான இணைப்பும் அண்டை நகரங்களைச் சென்றடையாதவரை மக்கள் தலைநகரையே நாடுவர் என்பது இதனால் விளங்கும்.

தடுக்கும் அதிகாரமும் ஆக்கும் அதிகாரமும்

திட்டத்துக்கு முரணான வளர்ச்சியை நிறுத்துமாறு ஒரு மாநிலத்துக்கு அறிவிப்பு அனுப்பவும், அது கேளாவிடில் நிதியுதவியை நிறுத்திவைக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் துணை மண்டலத் திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு அந்தந்த மாநிலத்தையே சார்ந்தது. தவற்றைத் தடுக்கும் அதிகாரம் வேறு. சாலையை ஆக்கும் அதிகாரம் வேறு. வரைபடத்தில் ஒரே கோடாகத் தோன்றும் சாலை, நிலத்தில் பல அரசுகளின் பல துறைகளுக்கு உரிய துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது.

சுற்றுச் சாலைகளின் அனுபவம்

தில்லியில் எவ்வித அலுவலும் இல்லாத சரக்கு லாரிகள், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் நகருக்குள் நுழைந்து நெரிசலையும் புகையையும் பெருக்கிவந்தன. இதற்குத் தீர்வாகக் கிழக்கிலும் மேற்கிலும் இரு சுற்று விரைவுச்சாலைகள் அமைக்குமாறு 2005 இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. மேற்குச் சாலைக்கு 2006 இல் தனியாரோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2009 இல் முடிந்திருக்க வேண்டிய அப்பணியில் மானேசர்–பல்வல் பகுதி 2016 இலும், குண்ட்லி–மானேசர் பகுதி 2018 நவம்பரிலுமே திறக்கப்பட்டன.

கிழக்குச் சாலையின் நீளம் 135 கிலோமீட்டர். அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2015 நவம்பரில். திறக்கப்பட்டது 2018 மே மாதத்தில். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே கழிந்தது ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. நீதிமன்ற ஆணைக்கும் அடிக்கல்லுக்கும் இடையே கழிந்தது பத்தாண்டு. நில எடுப்பும், இழப்பீட்டுப் பிணக்குகளும், முதலீடு தேடும் முயற்சிகளுமே அக்காலத்தின் பெரும்பகுதியை விழுங்கின. இத்தாமதத்தின் சுமையை முதலில் தாங்குபவர் உழவரே. அறிவிக்கை வெளிவந்தபின் நிலத்தை நல்ல விலைக்கு விற்கவும் இயலாது. அதில் கிணறு வெட்டவும் மனம் துணியாது. நியாயமான இழப்பீட்டை வலியுறுத்தும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலை நிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டமை இவ்வகையில் முக்கியமானதாகும்.

பொறுப்பேற்கும் ஒரே நிறுவனம்

மண்டல விரைவு இரயில் திட்டம் மற்றொரு வழியைக் காட்டியது. 2032 ஐ இலக்காகக் கொண்ட போக்குவரத்துச் செயல்முறைத் திட்டம் எட்டு தடங்களைப் பரிந்துரைத்தது. அவற்றுள் மூன்று முதன்மை பெற்றன. இப்பணிக்கெனவே 2013 இல் தேசியத் தலைநகர் மண்டலப் போக்குவரத்துக் கழகம் நிறுவப்பட்டது. அதன் பங்கு மூலதனத்தில் மத்திய அரசுக்குப் பாதி. தில்லி, அரியானா, இராஜஸ்தான், உத்தரப் பிரதேச அரசுகளுக்குத் தலா 12.5 விழுக்காடு. இவ்வாறு நான்கு அரசுகளும் ஒரே அவையில் அமர்ந்து முடிவெடுக்க வழி பிறந்தது.

ஏறத்தாழ 30,274 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான 82 கிலோமீட்டர் நீளத் தில்லி–காசியாபாத்–மீரட் தடத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. சாகிபாபாத்–துஹாய் இடையிலான முதல் 17 கிலோமீட்டரில் 2023 அக்டோபரில் வண்டிகள் ஓடத் தொடங்கின. 2025 ஜனவரியில் சேவை தில்லியின் நியூ அசோக் நகரை எட்டி 55 கிலோமீட்டராயிற்று. முழுமைக்காகக் காத்திராமல் பகுதி பகுதியாகத் திறந்தமையால் மக்கள் முன்னரே பயன் பெற்றனர். எனினும் கூட்டு நிறுவனம் எல்லாத் தடைகளையும் நீக்கிவிடாது. தில்லி அரசு தர வேண்டிய நிதி தாமதமாகி, 2023 இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது.

கற்கவேண்டியவை

முதலாவதாக, திட்டம் நடைமுறைக்கு வந்த உடனேயே சாலை, இரயில் தடங்களுக்குரிய நிலம் துணை மண்டலத் திட்டங்களிலும் நகர அமைப்புத் திட்டங்களிலும் ஒதுக்கப்படவேண்டும். வயலாக இருக்கும்போது எடுக்கும் நிலம், குடியிருப்பான பின் எடுப்பதைவிடக் குறைந்த செலவிலும் குறைந்த துன்பத்துடனும் கிடைக்கும். இரண்டாவதாக, ஒவ்வோர் அரசின் நிதிப் பங்கும் அது செலுத்தப்படும் தவணையும் பணி தொடங்குமுன் எழுத்தில் உறுதி செய்யப்படவேண்டும். மூன்றாவதாக, மாநில எல்லைகளைக் கடக்கும் பணிக்குப் பொறுப்பேற்க ஒரே நிறுவனம் வேண்டும். நான்காவதாக, மண்டலத் திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய 1985 ஆம் ஆண்டுச் சட்டம் வகைசெய்துள்ளது. அவ்வாய்வு முடிந்த பணிகளைப் பாராட்டுவதோடு நில்லாமல், நின்ற பணி எவரிடம் நிற்கிறது என்பதையும் சுட்டவேண்டும்.

இன்று ஏறத்தாழ 55,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள இம்மண்டலத்தின் அனுபவம், பல மாவட்டங்களையும் மாநிலங்களையும் இணைத்துத் திட்டமிடும் எவருக்கும் பொருந்தும். திட்டத்தின் வெற்றியை அதன் வரைபடத்தைக் கொண்டு அளத்தல் முறையன்று. பேருந்துக்காகவும் இரயிலுக்காகவும் அன்றாடம் காத்து நிற்கும் தொழிலாளியும் மாணவரும் எத்தனை விரைவில் வீடு சேர்கின்றனர் என்பதே அதன் உண்மையான அளவுகோல்.