மறைந்திருக்கும் மடிநோய்: உயிரணுக்களை எண்ணும் கருவி

கறவை மாட்டின் மடி வீங்கிச் சிவந்து, பால் திரிந்து வந்தால் அது மடிநோய் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், மடியிலும் பாலிலும் எந்த மாற்றமும் தெரியாமலே நோய் உள்ளே இருப்பதுண்டு. பால் சிறிது சிறிதாகக் குறையும். பழி தீவனத்தின் மேல் விழும். இத்தகைய மறைமுக மடிநோயைக் காட்டிக் கொடுப்பவை பாலில் உள்ள உயிரணுக்களே.

மடியினுள் கிருமி புகுந்தால், அதை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. நோயற்ற பசுவின் பாலில் ஒரு மில்லி லிட்டருக்குப் பொதுவாக 1 லட்சத்திற்கும் குறைவான உயிரணுக்களே இருக்கும். 2 லட்சத்தைத் தாண்டினால் நோய் இருக்கலாம் என்று கொள்ள வேண்டும்.

கண்ணால் எண்ணும் முறை

1910-இல் அமெரிக்காவில் பிரஸ்காட், பிரீட் என்ற அறிஞர்கள் ஒரு முறையை வெளியிட்டனர். ஒரு மில்லி லிட்டரில் நூறில் ஒரு பங்குப் பாலைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் தடவி உலர்த்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவர். முறை சரியானதே. ஆனால் நேரம் பிடிக்கும். பல தகடுகளைப் பார்த்ததும் கண் சோர்ந்து எண்ணிக்கை தவறும்.

கருவி எண்ணும் விதம்

1970-களில் தானியங்கிக் கருவிகள் வந்தன. இவற்றில், உயிரணுவின் உட்கருவைப் பற்றிக்கொள்ளும் ஒரு சாயம் பாலில் கலக்கப்படுகிறது. ஒளி பட்டதும் சாயமேறிய அணுக்கள் மின்னும். கருவி அந்த மின்னல்களை எண்ணும். கொழுப்புத் துளிகளுக்கு உட்கரு இல்லாததால் அவை எண்ணிக்கையில் சேர்வதில்லை. மணிக்கு நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சோதிக்கலாம். அணுக்களைப் படம் பிடித்து எண்ணும் சிறு கருவிகளும் இப்போது உள்ளன.

மாதிரி சரியாக இருக்க வேண்டும்

எந்தக் கருவியும் கொடுத்த பாலைத்தான் எண்ணும். மூன்று காம்புகளின் பாலில் 1 லட்சம் வீதமும், நான்காவதில் 9 லட்சமும் இருப்பதாகக் கொள்வோம். நான்கையும் சம அளவில் கலந்தால் 3 லட்சம் என்றே காட்டும். எந்தக் காம்பில் நோய் என்பது தெரியாது. எனவே முதல் சில பீச்சல்களை நீக்கிவிட்டு, காம்பு வாரியாகப் பால் எடுக்க வேண்டும். கன்று ஈன்ற முதல் வாரத்திலும், பால் வற்றும் தறுவாயிலும் எண்ணிக்கை இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.

தொழுவத்தில் செய்யும் சோதனை

கருவி இல்லாத இடத்தில் சலவைத்தூள் உதவும். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் தூளைக் கரைக்கவும். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, சம அளவு கரைசல் சேர்த்து மெதுவாகச் சுழற்றவும். கூழ்போல் கெட்டியானால் அக்காம்பில் நோய் எனச் சந்தேகிக்கலாம். சலவைத்தூள் அணுக்களை உடைப்பதால், உட்கருப் பொருள் வெளிவந்து பாலைக் கெட்டியாக்குகிறது. கருவியின் சாயம் பற்றுவதும் இதே பொருளைத்தான். சோதித்த பாலைக் கொட்டிவிட வேண்டும்.

நோய் தெரிந்தால் அம்மாட்டைக் கடைசியாகக் கறக்கவும். தாமாக மருந்து செலுத்தாமல் கால்நடை மருத்துவரை அணுகவும். மாதம் ஒருமுறை இச்சோதனையைச் செய்துவந்தால், மடி கெடுமுன் மாட்டைக் காப்பாற்றலாம்.